எழுத்துச் சிற்பி ரொபேர் கிரான்ஜோன்

மணவிழா அழைப்பிதழ் ஒன்று நம் கைக்கு வருகின்றது. மணமக்களின் பெயர்களைப் படித்து முடிக்கும் முன்னரே அவ்வழைப்பின் தகுதியை அதன் எழுத்து நமக்கு உணர்த்திவிடுகின்றது. ஆங்கிலத்தில் அச்சிட்ட அழைப்பாயின், எழுத்துகள் ஒன்றன் கையை ஒன்று பற்றி, வளைந்தும் குழைந்தும், தேர்ந்த ஒருவர் பேனாவால் எழுதியவை போலத் தோன்றும். பட்டச் சான்றிதழிலும் பாராட்டு மடலிலும் அவ்வகை எழுத்தையே காண்கிறோம். கணிப்பொறியில் ஒரு விசையைத் தட்டி நாம் பெறுகின்ற இவ்வழகின் பின்னால் நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பு இருக்கின்றது. ஓடும் கையின் ஓட்டத்தை ஓடாத உலோகத்தில் பிடித்து வைக்கலாம் என்று துணிந்தவர்களுள் தலையாய ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையில் காண்கிறோம். பிரெஞ்சு மக்களின் அன்றாடக் கையெழுத்தை அச்செழுத்தாக்கியவர் அவர். பின்னர் முதுமையில், அரபு எழுத்தின் எழிலைச் சிதைக்காமல் எஃகில் செதுக்கிக் காட்டியவரும் அவரே. அவர் பெயர் ரொபேர் கிரான்ஜோன்.

பிறப்பும் தொழிலும்

கிரான்ஜோன் 1513ஆம் ஆண்டளவில் பாரிசு நகரில் பிறந்தார். தந்தை ஜான் கிரான்ஜோன் நூல் விற்பனையாளர். நூல்களை வெளியிட்டும் வந்தவர். ஆகவே, தாளின் மணமும் மையின் கறையும் மைந்தருக்குப் பிறந்த வீட்டிலேயே பழகிப்போயின. அக்காலப் பாரிசில் அச்சுக்கலை தன் பொற்காலத்தில் நின்றது. குளோட் கராமோன் என்னும் மேதை உரோமானிய எழுத்துகளையும் கிரேக்க எழுத்துகளையும் செதுக்கிப் பெரும்புகழ் ஈட்டியிருந்தார். இத்தாலியில் ஆல்டஸ் மனுஷியஸ் 1501இல் சாய்வெழுத்தில் நூல் அச்சிட்டு வெளியிட்டதிலிருந்து, சாய்வெழுத்து ஐரோப்பா முழுவதும் பரவிக்கொண்டிருந்தது.

இச்சூழலில் வளர்ந்த கிரான்ஜோன் எழுத்துச் செதுக்கும் தொழிலைக் கைக்கொண்டார். 1549ஆம் ஆண்டு முதல் பாரிசில் தாமே நூல்களையும் வெளியிடலானார். சில காலம் மிஷேல் பெசாந்தா என்னும் அச்சாளரோடு கூட்டாகத் தொழில் நடத்தினார். ஆயினும், அவருடைய பெயரை நிலைநாட்டியவை அவர் வெளியிட்ட நூல்கள் அல்ல. அவர் செதுக்கிய சாய்வெழுத்துகளே. கராமோன் செதுக்கிய நேரெழுத்துக்கும் கிரான்ஜோன் செதுக்கிய சாய்வெழுத்துக்கும் ஈடில்லை என்று அச்சுக்கலை வல்லார் இன்றும் கூறுவர்.

எஃகில் எழுதுதல்

அத்தொழிலின் அருமையை உணர வேண்டுமாயின், அது நடைபெறும் முறையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். விரல் நீளமுள்ள எஃகுத் தண்டு ஒன்றை எடுத்து, அதன் முனையில் ஓர் எழுத்தை இடவலம் மாறிய வடிவில் அரத்தாலும் சிற்றுளியாலும் புடைப்பாகச் செதுக்குவர். அவ்வெழுத்து நெல்மணியினும் சிறிதாக இருக்கும். செதுக்கும்போதே இடையிடையே அதனை விளக்கின் சுடரில் காட்டிக் கரியேற்றித் தாளில் ஒற்றிப் பார்ப்பர். மயிரிழை அளவு பிழை நேர்ந்தாலும் தண்டு வீணாகும். செதுக்கி முடித்த தண்டைக் காய்ச்சித் தோய்த்துக் கடினப்படுத்திச் செம்புக் கட்டியில் அறைவர். செம்பில் பள்ளமாகப் பதிந்த அவ்வெழுத்தே தாய் அச்சு. தாய் அச்சைக் கைவார்ப்புக் கருவியில் பொருத்தி, ஈயம் கலந்த உலோகத்தை உருக்கி ஊற்றினால் எழுத்து பிறக்கும். ஒரு தாய் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான எழுத்துகளை வார்க்கலாம்.

அச்சுக்குரிய ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிக் கட்டையாக நிற்க வேண்டும். கையெழுத்தின் இயல்போ இதற்கு நேர்மாறானது. கையெழுத்தில் ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையைத் தொடும். சொல்லின் முதலில் வரும்போது ஒரு வடிவும், இடையில் வரும்போது ஒரு வடிவும், கடையில் வரும்போது ஒரு வடிவுமாக ஒரே எழுத்து மாறிக்கொண்டே செல்லும். அறுபட்ட கட்டைகளைக் கொண்டு அறுபடாத ஓட்டத்தைக் காட்டுதல் எங்ஙனம்? கிரான்ஜோன் தம் வாழ்நாளில் இருமுறை இவ்வினாவுக்கு விடை கண்டார். முதல் விடையைத் தம் தாய்மொழிக்குத் தந்தார். இரண்டாம் விடையைத் தாம் பிறவாத மண்ணின் மொழி ஒன்றுக்குத் தந்தார்.

தாய்நாட்டின் கையெழுத்து

1550களில் கிரான்ஜோன் பாரிசை விட்டு லியோன் நகருக்குக் குடிபெயர்ந்தார். லியோன் அக்காலத்தில் வணிகத்தாலும் அச்சுத் தொழிலாலும் தலைநகரோடு போட்டியிட்ட நகரம். அங்கு வாழ்ந்த புகழ்மிக்க ஓவியர் பெர்னார் சலோமோனின் மகள் அந்துவானெத் அவருக்கு மனைவியாக வாய்த்தார்.

அந்நகரில் இருக்கும்போதுதான் அவருடைய உள்ளத்தில் ஓர் ஏக்கம் வேர்விட்டது. ஏனைய நாட்டார் தத்தமக்கென எழுத்து வைத்திருக்கின்றனர். அதனைப் போற்றவும் செய்கின்றனர். பிரெஞ்சுக்காரர் மட்டும் உரோமானியரிடமும் இத்தாலியரிடமும் இரவல் வாங்கிய எழுத்துகளால் தம் மொழியை அச்சிடுவது முறையா? இத்தகைய எண்ணமே அவரைச் செயலுக்குத் தூண்டியது. நீதிமன்ற எழுத்தர்களும் வணிகர்களும் வீட்டு மாந்தர்களும் நாள்தோறும் எழுதி வந்த, கொத்திக் மரபைச் சார்ந்த ஓட்டெழுத்து ஒன்று பிரான்சில் வழங்கியது. அதனையே நாட்டின் அச்செழுத்தாக உயர்த்த அவர் முனைந்தார்.

1557இல் லியோனில் அம்முயற்சி நிறைவேறியது. இத்தாலியரான இன்னொசெந்த்சோ ரிங்கியேரி வாழ்வையும் சாவையும் உரையாட வைத்து எழுதிய நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை, கிரான்ஜோன் தம் புதிய எழுத்தில் அச்சிட்டு வெளியிட்டார். அதனைப் பார்த்தவர்க்கு அது அச்சிட்ட நூலா, எழுதிய ஏடா என்னும் ஐயம் எழுந்திருக்கும். ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை அவர் செதுக்கியிருந்தார். சொல்லின் தொடக்கத்திற்கு ஏற்றவை வேறு. முடிவில் வாலை நீட்டிச் சுழற்றுபவை வேறு. இணைந்தே வரும் எழுத்துகளை ஒரே கட்டையாகவும் அமைத்திருந்தார். தம் படைப்புக்குப் பிரெஞ்சுக் கையெழுத்து என்னும் பொருளிலேயே அவர் பெயர் சூட்டினார்.

உரிமையும் போட்டியும்

அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி அவருக்குப் பத்தாண்டு உரிமை வழங்கினார். அந்த எழுத்தை வேறெவரும் செதுக்கிப் பயன்படுத்துதல் கூடாது என்பது அரசாணை. கலைஞனின் உழைப்புக்கு அரசன் அளித்த காப்பு அது.

ஆனால், அழகு பரவுவதை ஆணையால் தடுத்தல் அரிது. அடுத்த ஆண்டே பாரிசில் பிலிப் தான்பிரீ என்பவரும் ரிஷார் பிரெத்தோன் என்பவரும் அதே பாங்கில் தாமும் ஓர் எழுத்தை உருவாக்கி வெளியிட்டனர். மன்னரின் ஆணை செல்லாத ஆண்ட்வெர்ப் நகரில் அமீத் தவெர்னியே என்பவர் பிளெமிஷ் மொழிக்கு ஏற்றவாறு மற்றொன்றைச் செதுக்கினார். கிரான்ஜோன் லியோனில் சில ஆண்டுகள் தம் எழுத்தில் தொடர்ந்து நூல்களை வெளியிட்டார். எனினும், அவர் எண்ணியவாறு பிரெஞ்சு நாட்டு நூல்கள் யாவும் அவ்வெழுத்துக்கு மாறிவிடவில்லை. உரோமானிய எழுத்துக்குப் பழகிய கண்கள் அதனை விட்டு வர மறுத்தன.

இங்கு நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ராட்டர்டாமைச் சேர்ந்த பேரறிஞர் எராஸ்மஸ் 1530இல் சிறுவர்க்குரிய நன்னடத்தை குறித்து இலத்தீனில் ஒரு சிறுநூல் எழுதினார். பெரியோர் முன் எவ்வாறு நிற்பது, உணவு மேசையில் எவ்வாறு அமர்வது என்பன போன்ற ஒழுக்கங்களை அது கற்பித்தது. அதன் பிரெஞ்சு வடிவங்கள் இவ்வோட்டெழுத்தில் அச்சாயின. பண்பையும் கையெழுத்தையும் சிறுவர் ஒருங்கே பயில்வதற்கு அது வாய்ப்பாயிற்று. பிரெஞ்சு மொழியில் பண்புடைமையைக் குறிக்கும் சொல் சிவிலிதே என்பதாகும். நாளடைவில் அவ்வெழுத்துக்கே சிவிலிதே என்னும் பெயர் நிலைத்துவிட்டது. நாட்டின் பெயரால் நிலைக்க வேண்டும் என்று படைத்தவர் விரும்பிய எழுத்து, நன்னடத்தையின் பெயரால் நிலைத்தது. பெரியோரின் நூல்களில் இடம்பெறத் தவறிய அது, பள்ளிச் சிறுவரின் கைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உயிர் வாழ்ந்தது. ஒரு கலைஞனின் கனவு அவன் நினைத்த வழியில் நிறைவேறாமல், நினையாத வழியில் பயன் தந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆண்ட்வெர்ப்பில் பணி

1560களில் கிரான்ஜோன் ஆண்ட்வெர்ப் நகரை அடைந்தார். அங்கு கிறிஸ்டோஃப் பிளாண்டின் என்னும் அச்சாளர் 1555 முதல் அச்சகம் நடத்தி, ஐரோப்பாவின் முதன்மை அச்சாளர்களுள் ஒருவராக உயர்ந்துகொண்டிருந்தார். கிரான்ஜோனின் எழுத்துகளைப் பிளாண்டின் பெரிதும் விரும்பினார். நேரெழுத்து, சாய்வெழுத்து, சிவிலிதே, கிரேக்கம், இசைக்குறி எனப் பலவும் அவரிடமிருந்து பிளாண்டினுக்குச் சென்றன. சிறுவர் எழுதிப் பழகுவதற்கென்று 1568இல் பிளாண்டின் வெளியிட்ட அரிச்சுவடி சிவிலிதே எழுத்தில் அமைந்தது.

அதே ஆண்டில் பிளாண்டின் மாபெரும் பணி ஒன்றைத் தொடங்கினார். விவிலியத்தை எபிரேயம், அரமேயம், கிரேக்கம், இலத்தீன், சிரியாக் ஆகிய மொழிகளில் ஒருங்கே காட்டும் பன்மொழிப் பதிப்பு அது. 1572இல் எட்டுத் தொகுதிகளாக நிறைவுற்றது. அதற்குரிய சிரியாக் எழுத்தைக் கிரான்ஜோன் செதுக்கினார். வலமிருந்து இடமாக ஓடுவதும் எழுத்தோடு எழுத்து இணைவதுமான செமித்திய எழுத்து அவ்வாறு அவர் கைக்கு வந்தது. பின்னாளில் அவர் ஆற்றவிருந்த பெரும்பணிக்கு அது பயிற்சிக்களம் ஆயிற்று என்று நாம் கருதலாம்.

பூவேலைப்பாடுகளிலும் அவர் கை தேர்ந்திருந்தது. கொடியும் இலையும் பின்னிய சிறுசிறு அச்சுக் கட்டைகளை அவர் வடித்தார். அவற்றைப் பலவாறு அடுக்கினால் புதுப்புதுக் கோலங்கள் தோன்றும். அரபுலகக் கலையின் கொடிப்பின்னல் அமைப்பையே அவை பின்பற்றின. அரபு எழுத்தை அணுகும் முன்னரே அரபுக் கோலம் அவர் உள்ளத்தில் குடிபுகுந்திருந்தது போலும்!

ரோமில் அரபு எழுத்து

1578இல், அறுபத்தைந்து வயதை எட்டிய நிலையில், கிரான்ஜோன் ரோம் நகருக்குச் சென்றார். ஓய்வு தேடும் பருவத்தில் அவர் உழைப்பைத் தேடிச் சென்றார். திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியின் ஆட்சிக்காலம் அது. கீழைநாட்டுத் திருச்சபைகளைத் தம்முடன் இணைக்கவும் கிறித்தவத்தைக் கீழ்த்திசையில் பரப்பவும் விரும்பிய ரோம், அம்மொழிகளில் நூல்களை அச்சிட முனைந்தது. வணிக நோக்கமும் அதனோடு கலந்திருந்தது. ஆர்மேனியம், சிரியாக், அரபு முதலிய மொழிகளுக்குரிய எழுத்துகளைச் செதுக்கும் பொறுப்பு முதியவரான கிரான்ஜோனிடம் வந்தது.

அரபு எழுத்தை அச்சிடுதல் அன்று எத்துணைக் கடினம் என்பதனை முந்தைய முயற்சிகள் காட்டுகின்றன. இத்தாலியின் பானோ நகரில் 1514இல் ஓர் அரபு நூல் அச்சாயிற்று. வெனிஸ் நகரில் பகனீனி என்பவர் 1537-38ஆம் ஆண்டளவில் திருக்குர்ஆனை அரபியில் அச்சிட்டார். அதன் படி ஒன்று 1987இல் வெனிஸிலேயே கண்டறியப்பட்டது. எழுத்துகள் எழிலற்றிருந்தன, தால் என்னும் எழுத்தையும் புள்ளி பெற்ற மற்றொரு தால் எழுத்தையும் வேறுபடுத்தும் அமைப்பும் அதில் இல்லை. ஒரு புள்ளி மாறினால் பொருளே மாறிவிடும் மொழியில், அதிலும் ஓர் எழுத்துப் பிழையும் பொறாத திருமறையில், இக்குறை எவ்வளவு பெரிது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அரபு மொழியின் எழுத்துகள் இருபத்தெட்டு. அவற்றுள் அலிப், வாவ் முதலிய ஆறு எழுத்துகள் தமக்குப் பின்வரும் எழுத்தோடு இணையா. ஏனைய இருபத்திரண்டும் தனித்து, முதலில், இடையில், இறுதியில் என நால்வகை வடிவம் பெறும். இணைப்பு வடிவங்களும் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் இவற்றோடு சேரும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பக்தாதில் வாழ்ந்து கி.பி. 940இல் மறைந்த இப்னு முக்லா காலம் முதல் புள்ளியை அளவுகோலாகக் கொண்டு ஒவ்வொரு எழுத்தின் நீளமும் வளைவும் வரையறுக்கப்பட்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக ஆசிரியரின் காலடியில் அமர்ந்து பயிலும் கலை அது. அதனை வெளிநாட்டார் ஒருவர் எஃகில் செதுக்குதல் எளிதன்று.

கிரான்ஜோன் அதனைச் செய்து காட்டினார். கையெழுத்துப் படிகளில் வழங்கிய நஸ்கு வடிவத்தை அவர் கூர்ந்து பயின்று, 1580களில் பல அளவுகளில் அரபு எழுத்துகளைச் செதுக்கினார். எழுத்துகளின் இணைப்புக் கோடு தடையின்றி ஓடியது. வளைவுகள் உரிய ஆழத்தில் இறங்கின. முதல், இடை, கடை என வடிவங்கள் மாறும் இயல்பு அவருக்குப் புதிதன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் தம் நாட்டுக் கையெழுத்துக்காக அவர் முயன்று கண்ட முறை, அரபு மொழிக்கோ பிறப்பிலேயே அமைந்திருந்த இலக்கணம். பிரெஞ்சு மக்கள் ஏற்கத் தயங்கிய அதே கைத்திறன் அரபு எழுத்தில் தனக்குரிய இடத்தைக் கண்டுகொண்டது.

1584இல் கர்தினால் பெர்டினாண்டோ தெ மெடிசியின் ஆதரவில் மெடிசி கீழைமொழி அச்சகம் ரோமில் தோன்றியது. கணிதமும் கீழைமொழிகளும் கற்ற ஜொவானி பத்திஸ்தா ரைமொந்தி அதன் தலைவர். கிரான்ஜோனின் அரபு எழுத்துகளே அவ்வச்சகத்தின் செல்வம். 1590-91ஆம் ஆண்டுகளில் நற்செய்தி நூல்கள் அரபியில் வெளிவந்தன. 1592இல், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் விளங்கிய அல்-இத்ரீசியின் புவியியல் நூலின் சுருக்கம் அச்சேறியது. 1593இல் இப்னு சீனாவின் அல்-கானூன் மருத்துவப் பெருநூல் அதன் மூலமொழியில் அச்சாயிற்று. 1594இல் யூக்ளிடின் வடிவகணிதம், நஸீருத்தீன் தூஸியின் பெயரால் வழங்கும் அரபுத் திருத்தப் பதிப்பாக வெளிவந்தது. இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியாகவே பல நூற்றாண்டுகளாக ஐரோப்பா பயின்று வந்த இப்னு சீனா, தம் சொந்த மொழியில், தகுதி வாய்ந்த எழுத்தில், அவ்வாறு அச்சுலகில் காலடி வைத்தார்.

இவற்றுள் பெரும்பாலானவற்றைக் காணும் பேறு கிரான்ஜோனுக்கு வாய்க்கவில்லை. 1589இன் இறுதிக்கும் 1590இன் தொடக்கத்திற்கும் இடைப்பட்ட திங்களொன்றில் அவர் ரோமிலேயே கண்மூடினார். கானூன் வெளிவந்தபோது, அதன் ஒவ்வொரு எழுத்தையும் செதுக்கிய கை மண்ணுக்குள் இருந்தது.

அந்நூல்களின் விற்பனையும் நினைத்த அளவு அமையவில்லை. இத்தாலிய வணிகர் அரபு, பார்சி, துருக்கி நூல்களைத் தடையின்றிக் கொண்டுவந்து விற்கலாம் என்று உதுமானியப் பேரரசர் மூன்றாம் முராத் 1588இல் ஆணை பிறப்பித்திருந்தார். அவ்வாணையை யூக்ளிட் பதிப்பில் சேர்த்தே அச்சிட்டனர். ஆயினும், நூல்கள் பெருவாரியாக அச்சகத்தின் கிடங்கிலேயே நீண்ட காலம் தேங்கிக் கிடந்தன. கையெழுத்துப் படிகளின் எழிலில் திளைத்த சமுதாயம் அது. படியெடுப்போரின் வாழ்வும் அதனோடு பிணைந்திருந்தது. அயலார் தம் நோக்கத்திற்காக அச்சிட்டனுப்பிய நூலை அச்சமுதாயம் உடனே ஏற்காமையில் வியப்பில்லை. எனினும், கிரான்ஜோனின் எழுத்து வீணாகவில்லை. ஐரோப்பாவில் பின்னர் அரபு எழுத்துச் செதுக்கியோர்க்கு அது முன்மாதிரியாக விளங்கியது.

பெயர் மறைந்த கலைஞர்

கிரான்ஜோனின் பிற்காலப் புகழிலும் ஒரு விந்தை உண்டு. 1913இல் மோனோடைப் நிறுவனம் பிளாண்டின் என்னும் பெயரில் ஓர் எழுத்தை வெளியிட்டது. அதற்கு மூலம் கிரான்ஜோன் செதுக்கிய நேரெழுத்து. பெயரோ அதனை வாங்கி வைத்த அச்சாளருடையது. இலண்டன் டைம்ஸ் நாளிதழ் 1932இல் மேற்கொண்ட டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து, அந்தப் பிளாண்டின் எழுத்தை அடியொற்றியே உருவாயிற்று. உலகெங்கும் அலுவலகக் கணிப்பொறிகளில் இடம்பெற்ற அவ்வெழுத்தின் முன்னோர் வரிசையில் கிரான்ஜோன் நிற்கிறார் என்பதை அறிந்தவர் மிகச் சிலர். கராமோனின் பெயரால் வழங்கும் இக்கால எழுத்துகள் பலவற்றில் சாய்வு வடிவம் கிரான்ஜோனைப் பின்பற்றியது. இவற்றுக்கு மாறாக, 1920களில் கிரான்ஜோன் என்னும் பெயர் சூடி வெளிவந்த எழுத்தின் நேர்வடிவமோ கராமோனைத் தழுவியது! அவர் படைத்தவை பிறர் பெயரில் வழங்குகின்றன. அவர் பெயரில் வழங்குவது பிறருடையதாயிற்று. 1978இல் மேத்யூ கார்ட்டர் என்னும் எழுத்து வடிவமைப்பாளர், கிரான்ஜோனின் பணியை ஆழ்ந்து கற்று கல்லியார்ட் என்னும் எழுத்தை அமைத்து அம்முன்னோர்க்கு நன்றிக்கடன் செலுத்தினார்.

அவர் செதுக்கிய எஃகுத் தண்டுகளும் செம்புத் தாய் அச்சுகளும் ஆண்ட்வெர்ப்பில், பிளாண்டினின் பழைய அச்சகத்திலேயே அமைந்த பிளாண்டின்-மொரெட்டஸ் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. 2005இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

நிறைவாக

எழுத்து என்பது கருத்தைச் சுமக்கும் வண்டி மட்டும்தானா? அவ்வாறாயின் எவ்வடிவமும் போதுமே! கிரான்ஜோனின் வாழ்வு வேறொன்றைக் கற்பிக்கின்றது. ஒரு மொழியின் எழுத்தை அதற்குரிய மதிப்போடு வடிப்பது, அம்மொழி பேசும் மக்களை மதிப்பதாகும். தம் நாட்டின் எழுத்தை நேசித்த அவரால்தான் பிற நாட்டாரின் எழுத்தையும் பழுதின்றிப் போற்ற முடிந்தது. அவரை ஏவியோரின் நோக்கம் எதுவாயினும், இப்னு முக்லாவின் வழிவந்தோர் வகுத்த அளவைச் சிதைக்காமல் காத்தது அவருடைய தொழில் நேர்மை.

மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. நாளை உங்கள் கைக்குப் பட்டச் சான்றிதழ் வரும். அதில் உங்கள் பெயர் அழகிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பெயரைப் பார்த்து மகிழுங்கள். ஒரு கணம் அவ்வெழுத்தையும் பாருங்கள். அவ்வெழுத்தின் வளைவு ஒவ்வொன்றிலும், தன் பெயரை எங்கும் பொறிக்காமல் சென்ற ஒருவரின் கண்ணும் கையும் உழைத்திருக்கின்றன. அறுபத்தைந்து வயதில் புதியதொரு மொழியின் எழுத்தைக் கற்கத் துணிந்தவரின் வாழ்வு, இருபது வயதினரான நமக்கு இது கடினம், அது கடினம் என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம் நினைவுக்கு வருமாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.